தலை ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த சைனஸ் தடிப்பு: மருந்தா, மறு ஸ்கேனா, காத்திருப்பா?

ஊஞ்சலிலிருந்து விழுந்த பிள்ளைக்குத் தலை ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. அப்பாடா என்று மூச்சு விடும்போது ரிப்போர்ட்டின் கடைசி வரி கண்ணில் படுகிறது: 'இரு மேக்ஸிலரி சைனஸ்களிலும் சளிச்சவ்வுத் தடிப்பு.' கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் உட்சவ்வு தடித்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைக்கோ மூக்கடைப்புகூட இல்லை. இனி என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

பலரும் முதலில் கைவைப்பது ஆன்டிபயாடிக்கில். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஜலதோஷம் பிடித்த பெரியவர்கள் 31 பேருக்கு சி.டி. எடுத்தார்கள், 87 சதவீதம் பேருக்கு மேக்ஸிலரி சைனஸில் மாற்றம் தெரிந்தது. ஆன்டிபயாடிக் தராமலே சுமார் இரண்டு வாரம் கழித்து 14 பேருக்கு மறுபடி எடுத்தபோது, பெரும்பாலோருக்கு அது மறைந்தோ வெகுவாகக் குறைந்தோ இருந்தது. பெரியவர்களுக்கே இப்படியென்றால், வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிக்கும் சின்னப் பிள்ளையின் ஸ்கேன் பளிச்சென்று இருந்தால்தான் ஆச்சரியம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2013 வழிகாட்டுதலும் பாக்டீரியாவால் வரும் சைனஸ் தொற்றைப் (சைனஸைட்டிஸ்) படத்தை வைத்து முடிவுசெய்யச் சொல்லவில்லை. சளியோ பகல் இருமலோ 10 நாள் தாண்டியும் குறையாமல் இருப்பது, குறைந்து வந்தது திரும்ப மோசமாவது, 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு மூன்று நாளாவது கெட்டிச்சளி ஒழுகுவது: அது பார்க்கச் சொல்வது இவற்றைத்தான். இவை எதுவுமே இல்லாத பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் மிஞ்சுவது வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும்தான்.

அடுத்தது, 'ஒரு மாசம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே' என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குப் புதுச் சளி பிடித்திருக்கும். அதே வரி மறுபடி ரிப்போர்ட்டில் வரும். சி.டி. என்றால் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் சின்னப் பிள்ளை அசையாமல் படுக்க மயக்க மருந்து தேவைப்படலாம். தவிர, சவ்வின் லேசான வீக்கத்தைக்கூட எம்.ஆர்.ஐ. துல்லியமாகக் காட்டிவிடும். நல்ல மெஷினில் எடுத்ததால் கவலை கூடும், குறையாது.

அறிகுறி இல்லாத பிள்ளைக்கு என் ஓட்டு காத்திருப்புக்கே. சில ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' (நீர்க்கட்டி) என்ற சொல்லைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கும். சைனஸின் அடித்தளத்தில் குமிழ்போலத் தெரியும் ரிடென்ஷன் சிஸ்ட் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. வயதையும் பாருங்கள். நெற்றி சைனஸ் உருவாகவே ஏழெட்டு வயதாகும். அதற்கு முன் அங்கே காற்றறை தெரியாமலிருப்பது நோயல்ல, வளர்ச்சி இன்னும் அங்கே வரவில்லை, அவ்வளவுதான்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதை இவற்றோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் மட்டும் முழுதாக அடைத்திருப்பதாக இருந்தாலோ, எலும்பு அரிப்பு அல்லது விரிவு என்று எழுதியிருந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தாலும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது அபூர்வம், சளியைக் கெட்டியாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கிறதா என்று வியர்வைப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். வாய் திறந்தே தூங்கிக் குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையையும் பார்த்துவிடலாம். கீமோதெரபி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கு செல்லாது. பூஞ்சைத் தொற்று வேகமாகப் பரவும், சிகிச்சை தரும் மருத்துவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

எந்தப் பிள்ளையானாலும் கண் இமை வீங்கிச் சிவந்தாலோ, விழி பிதுங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலியோடு வாந்தியும் சோர்வும் வந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறு ஸ்கேன் தேவைப்படும் இடமும் அதுதான்.