கடல் அல்லி என்று நம்பி 38,500 ரூபாய் தொலைத்தேன்: வாங்க நினைப்பவர்கள் படித்துவிட்டு முடிவெடுங்கள்

38,500 ரூபாய். பதினோரு நாட்களுக்கு முன்பு என் வங்கிக் கணக்கில் இருந்த பணம். இப்போது அது எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நிற்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போலிப் புதைபடிவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கடைசியில் விரிவாகவே சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்ததைக் கேளுங்கள்.

நான் இதற்குப் புதியவன் இல்லை. பதினைந்து வருடங்களாகப் புதைபடிவங்கள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். விடுமுறை கிடைத்தால் அரியலூர் பஸ் ஏறிவிடுவேன். காரை என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்மண் ஓடைகளை வெயிலில் நடந்தே பார்த்தவன். அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவம் எது, வெறும் சுருள் கல் எது என்று தொட்டாலே தெரியும். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

முழுக் கிரினாய்டு மட்டும் என் கைக்கு அகப்படவே இல்லை. கடல் அல்லி என்று பெயர், பார்க்கவும் பூ மாதிரிதான் இருக்கும். ஆனால் விலங்கு, நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் பங்காளி. நீளமான தண்டு, அதன் உச்சியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றி இறகு போன்ற கரங்கள். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கால்சைட் தகடுகள், அதாவது சுண்ணாம்புக் கனிமம். அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது மெல்லிய தசைநார்கள். உயிர் போன சில நாட்களில் நார் அழுகிவிடும், அறுந்த மணிமாலை போல எல்லாம் சிதறிவிடும். அதனால்தான் பெரும்பாலும் தண்டின் வளையங்கள் மட்டும் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பவையும் அவைதான். நண்பர் ஒருவர் கொடுத்தவை, சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் துளையோடு, ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

முழு உடம்போடு, அதுவும் பெரியதாக ஒன்று கிடைக்க வேண்டுமானால், அது திடீரென்று சேற்றில் புதைந்திருக்க வேண்டும், அல்லது ஆக்சிஜன் இல்லாத கடலடியில் போய் விழுந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் ஹோல்ஸ்மாடன் என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. மிதக்கும் மரத்தில் தொற்றிக்கொண்டு வாழ்ந்த கடல் அல்லிக் கூட்டம் ஒன்று மரத்தோடு மூழ்கி, சுமார் 18 கோடி ஆண்டுகளாகக் கறுப்புக் களிப்பலகைப் பாறையில் கிடந்திருக்கிறது. அங்குள்ள ஹவுஃப் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பலகையின் நீளம் சுமார் 18 மீட்டர். அதன் படத்தை எத்தனை இரவு பார்த்திருப்பேன் என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

இப்படிப்பட்டவன் கண்ணில்தான் அந்த விளம்பரம் பட்டது. பழைய பொருட்களை வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில். மூன்றரை அடிப் பலகை. இரண்டு தலைகள், விரிந்த கரங்கள், வளைந்து இறங்கும் தண்டு, தண்டின் அடியில் ஒரு குமிழ். ‘மொராக்கோ, ஜுராசிக், 18 கோடி ஆண்டு’ என்று போட்டிருந்தார்கள்.

இங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மொராக்கோவில் கிடைக்கும், தண்டின் நுனியில் குமிழ் உள்ள பெரிய கிரினாய்டு சைஃபோகிரினைட்டஸ். அது சைலூரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் காலத்தது, ஏறக்குறைய 42 கோடி ஆண்டு. அறை அறையாக உள்ளே வெற்றிடம் உள்ள அந்தக் குமிழை மிதவை என்று பலர் சொல்வார்கள். வயதில் 24 கோடி ஆண்டு பிசகுகிற விற்பனையாளரைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். ‘இவனுக்குப் பொருளின் மதிப்பே தெரியவில்லை, அடித்துப் பேசி வாங்கிவிடலாம்’ என்று நினைத்தேன். யார் யாரை அடித்துப் பேசினார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

‘வேறு இருவர் கேட்கிறார்கள், 10,000 அனுப்பினால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்’ என்றார். செயலிக்கு வெளியே, நேராக அவர் எண்ணுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் தாண்டி ஒரு தகரக் கூரைக் கிடங்குக்கு வரச் சொன்னார். உள்ளே குத்துவிளக்குகள், கை உடைந்த தேக்கு நாற்காலிகள், யாரோ வீட்டுத் தாத்தாவின் சட்டம் போட்ட படம். நடுத்தர வயது, நெற்றியில் விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு. டீ வரவழைத்தார். நான் கண் சொட்டு மருந்துக் குப்பியில் வினிகர் கொண்டு போயிருந்தேன். எடுக்கத் தயங்கியதைப் பார்த்து அவரே, “தாராளமாகச் சோதித்துப் பாருங்கள் சார், அசல் பொருளுக்கு என்ன பயம்?” என்று பலகையின் கீழ் மூலையை என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று சொட்டு விட்டேன். மெல்ல நுரைத்தது. சுண்ணாம்புக் கல்!

அந்த நுரையில் என் புத்தி கரைந்துவிட்டது. நுரைத்தது மூலைதான், விலங்கு இல்லை. பூவின் மேல் ஒரு சொட்டு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் தடுக்கவில்லை, எனக்குத்தான் மனம் வரவில்லை, 42 கோடி ஆண்டு தாங்கிய மேனியில் அமிலமா என்று! “அப்பா ஆசையாக வைத்திருந்தது சார், விற்க மனமில்லை” என்று அவர் கல்லைத் தடவினார். மீதி 28,500 ரூபாயைக் கைப்பேசியில் தட்டிவிட்டேன். ஆக 38,500. மினி வேன் வாடகையைச் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். “அப்பா, இரண்டும் ஒரே பூ” என்றாள். “ஒரே இனம் அம்மா” என்றேன். “இல்லை அப்பா, ஒரே பூ. பாருங்கள்.” இடமிருந்து மூன்றாவது கரம், இரண்டு தலைகளிலும், நுனியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, ஒரே கோணத்தில் உடைந்திருந்தது. ஒரே அச்சில் இரண்டு முறை வார்த்திருக்கிறார்கள். உருப்பெருக்கியை வைத்தால் கிண்ணத்தின் மேல் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழ்கள். தையல் ஊசியை அடுப்பில் காய்ச்சித் தண்டில் வைத்தேன். மெழுகில் இறங்குவது போல இறங்கியது. அசல் சுண்ணாம்புப் பலகை, மேலே சாயம் பூசிய ரெசின், வெறும் செயற்கைப் பிசின். “ஏங்க, என்ன எரிகிற நாற்றம்?” என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். 38,500 ரூபாய் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் உண்மையில் வயிற்றெரிச்சல். முதல் அழைப்பில், “இயற்கையில் இரட்டைப் பிள்ளைகள் பிறப்பதில்லையா சார்?” என்றார். இரண்டாவதில், “சிறிது பழுது பார்த்திருப்பார்கள், எல்லா நாட்டிலும் வழக்கம்.” மூன்றாவதில் அவர் மைத்துனர் என்று ஒருவர் எடுத்து, அண்ணன் திருப்பதி போயிருக்கிறார் என்றார். பிறகு எண் தடுக்கப்பட்டது. செயலியின் உதவிப் பிரிவுக்கு நான்கு முறை எழுதினேன். ‘உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம்’ என்று நான்கு முறையும் ஒரே பதில், அதுவும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஐந்தாம் முறை, பணம் செயலிக்கு வெளியே கைமாறியதால் பொறுப்பேற்க இயலாது என்று கோப்பை மூடிவிட்டார்கள். நேரில் புகார் கொடுக்கப் போன இடத்தில் எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “கல்லுக்கா சார் 38,500 கொடுத்தீர்கள்?” என்றார். அவர் கேட்டதில் தவறு இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். எழுத எழுதக் கை பதறுகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வினிகரை மூலையில் விடாதீர்கள், விலங்கின் மேல் விடுங்கள். விற்பவர் காட்டும் இடத்தில் விடவே விடாதீர்கள். காய்ச்சிய ஊசி ஒன்று போதும், அதை அனுமதிக்காதவரிடம் வாங்காதீர்கள். அசல் கிரினாய்டின் ஒவ்வொரு தகடும் ஒரு தனிக் கால்சைட் படிகம். உடைந்த முகம் தட்டையாகப் பளபளக்கும், மாவு போல மங்கியிருக்காது. ஒரே பலகையில் இரண்டு தலை இருந்தால் கரம் கரமாக ஒப்பிடுங்கள், முடிந்தால் ஒரு குழந்தையிடம் காட்டுங்கள். முன்பணம் வேண்டாம். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். என்னைப் போல ஆறு நாள் கழித்து வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915, அங்கேயும் பதிவு செய்திருக்கிறேன்.

இதை எழுதும் முன் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வேறு பெயர், வேறு எண், ‘சென்னை, நேரில் பார்க்கலாம்’. விலை 42,000. வயதை மட்டும் 42 கோடி என்று திருத்தியிருக்கிறார்கள். தொலைபேசியில் கத்தியபோது நான் சொல்லிக்கொடுத்ததுதான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடமிருந்து மூன்றாவது கரம்.