தீர்ப்பைப் படிப்பதா, தீர்ப்புகளை எண்ணுவதா? வேலூர் வழக்குகளை வைத்து ஒரு அலசல்

உச்ச நீதிமன்றத்தை ஆராய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி தீர்ப்பைப் படிக்கும். நீதிபதி சொன்ன காரணம் என்ன, எந்த முன்தீர்ப்பைப் பின்பற்றினார், எதை ஒதுக்கினார் என்று வரிவரியாகப் பார்க்கும். மற்றது எண்ணும் கட்சி. யார் வழக்குப் போட்டார், பெஞ்சில் யார் இருந்தார், யார் ஜெயித்தார் என்று நூற்றுக்கணக்கான வழக்குகளை அட்டவணையில் ஏற்றிவிட்டுத்தான் பேசும். நம் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் வழிதான் பாடம். எது மேல் என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம், வேலூர் பெயரிலேயே இரண்டு பெரிய வழக்குகள் இருக்கின்றன.

முதலாவது பாலாறு வழக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தையும் கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட மனு இது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தில் அடக்கம் என்றது. தன் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் தொழில் நடத்துகிறவர் மேலேயே வைத்தது. இந்தியாவில் எந்த மூலையில் சட்டம் படிக்கிற பிள்ளைக்கும் வேலூர் என்றால் கோட்டைக்கு முன்னால் இந்த வழக்குதான் ஞாபகம் வரும். எண்ணும் கட்சியின் அட்டவணையிலோ இது ஒரே ஒரு வரி: மனுதாரர் பொதுநல அமைப்பு, முடிவு வெற்றி. இந்த இடத்தில் படிக்கும் கட்சிக்கே என் ஓட்டு.

ஆனால் இரண்டு கட்சியும் தீர்ப்பு நாளோடு கடையைக் கட்டிவிடுகின்றன. அதற்கப்புறம் நடந்ததுதான் ஊருக்கு முக்கியம். இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் வந்தது. 2001-இல் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. அப்படியும் விவகாரம் முடியவில்லை. மறுபடி டெல்லிக்குப் போய், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும், கண்காணிக்க ஒரு குழு அமைக்கட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. 1996-க்கும் இதற்கும் இடையில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் வேலூர் மாவட்டமாகி, அதுவும் மூன்றாகப் பிரிந்துவிட்டது! தீர்ப்பு வந்த பிறகு பணமும் தண்ணீரும் என்ன ஆயின என்று பின்தொடர்வது தனி வகை ஆராய்ச்சி. நம்மிடம் அதுதான் குறைவு.

இரண்டாவது வழக்கில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வழக்கில் 2013 ஜூலை 18 அன்று நீட் தேர்வு செல்லாது என்று தீர்ப்பு வந்தது, 2-க்கு 1 என்ற கணக்கில். செல்லாது என்றவர்கள் தலைமை நீதிபதி அல்தமஸ் கபீரும் விக்ரம்ஜித் சென்னும். மாறுபட்டவர் அனில் தவே. அன்றுதான் கபீர் ஓய்வு பெற்றார். 2016 ஏப்ரல் 11-இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள். தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குள் கலந்து பேசவில்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த ஐவருக்குத் தலைமை யார்? அதே தவே. 2020-இல் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் உண்டு என்று இன்னொரு அமர்வு முடித்துவைத்தது. அரசியலமைப்பின் சொற்கள் இத்தனை ஆண்டுகளில் இந்த அளவுக்கா மாறின? தீர்ப்பை மட்டும் படித்தால் தலை சுற்றும். பெஞ்சில் உட்கார்ந்தவர்களை அடுக்கிப் பார்த்தால் பாதி விளங்கும்.

எண்ணும் கட்சியின் பெரிய வெற்றி அமெரிக்காவில் கிடைத்தது. அங்குள்ள உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுப் பருவ வழக்குகளை முன்கூட்டியே கணித்தபோது, வழக்கைப் பற்றிய சில தகவல்களை மட்டும் வைத்த புள்ளியியல் மாதிரி 75 சதவீதம் சரியாகச் சொன்னது. சட்ட நிபுணர்கள் 59 சதவீதத்தில் நின்றார்கள். வக்கீல்களுக்குக் கசப்பான சேதி! சரி, இதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அங்கே ஒன்பது பேரும் சேர்ந்தே உட்காருகிறார்கள், கருத்து வேற்றுமையை வெளிப்படையாக எழுதுகிறார்கள். அதனால் ஒவ்வொருவரின் சாய்வையும் அளக்க முடிகிறது. இங்கே முப்பதுக்கும் மேற்பட்ட நீதிபதிப் பணியிடங்கள். பெரும்பாலான வழக்குகளை இரண்டு பேர் கேட்கிறார்கள். மாறுபட்ட தீர்ப்பு அபூர்வம். ஆகவே நாம் எண்ண வேண்டியது வேறு: எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது? அதைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் தலைமை நீதிபதியிடம் இருக்கிறது. அட்டவணையில் முதல் பத்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் நாளைக்கு வாதாடப் போகிற ஜூனியருக்கு எண்ணிக்கை ஒன்றும் உதவாது. அவர் தீர்ப்பைத்தான் படிக்க வேண்டும், காரணப் பகுதியை விடாமல். அப்பீலுக்கு டெல்லி வரை செலவு செய்யலாமா என்று யோசிக்கிற வழக்குக்காரருக்கு, தன்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்ற கணக்கு வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு இன்று சாக்கு இல்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பே 2023 முதல் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கொஞ்சம் தமிழிலும் உண்டு. ஆனால் பாலாற்று இழப்பீடு யார் கைக்கு எப்போது போனது என்பது அந்தத் தளத்தில் கிடைக்காது. அதற்கு வாணியம்பாடி பஸ் ஏறி, தாலுகா அலுவலகப் பதிவேட்டைக் கேட்டு நிற்க வேண்டும்.