டிவைஸ் வியூக்களை ஹேமலுக்கு மாற்றாதீர்கள்

ரெயில்ஸ் என்பது ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க். பக்கங்களை ஹேமல் (Haml) என்ற டெம்ப்ளேட் மொழியில் எழுதிய ரெயில்ஸ் ஆப்பில், லாகின் வேலையைப் பார்க்கும் டிவைஸ் (Devise) பிளகினைப் போட்டால், அதன் வியூக்களையும் (பக்கங்களை வரையும் ஃபைல்களையும்) ஹேமலாக்க வேண்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம்.

டிவைஸ் தன் வியூக்களை ஈஆர்பியில்தான் தருகிறது. ஈஆர்பி (ERB) ரூபியோடே வரும் டெம்ப்ளேட் மொழி. ஹேமலையோ, அதுபோன்ற ஸ்லிமையோ நம் ஜெம்ஃபைலில் (ஆப்புக்கு வேண்டிய ஜெம்கள், அதாவது லைப்ரரிகளின் பட்டியலில்) டிவைஸ் திணிப்பதில்லை. இதன் அருமை தெரிய, ஹேமலையும் கூடவே இழுத்து வரும் அட்மின் பிளகினோடு குப்பை கொட்டியிருக்க வேண்டும். அது ஹேமல் 5-இல் பூட்டியிருந்தால் ஆப் 6-க்குப் போகமுடியாது, ஜெம் பதிப்புகளைப் பொருத்திப் பார்க்கும் பண்ட்லர் விடாது. பூட்டைத் திறந்தாலும் சிக்கல்தான். 5-இல் ஒரு ஹெச்டிஎம்எல் அட்ரிபியூட்டின் மதிப்பு ஃபால்ஸ் (false) என்றால் அந்த அட்ரிபியூட்டே மறையும். 6.0-இல் டிஸேபிள்டு, செக்டு போன்ற சில மட்டுமே மறையும். மற்றவை ஃபால்ஸ் என்ற எழுத்தோடு பக்கத்தில் வந்து நிற்கும்.

ஹேமல் லேஅவுட்டுக்குள் (பக்கத்தின் வெளிச்சட்டத்துக்குள்) ஈஆர்பி வியூ ஒழுங்காக ஓடும். ஈஆர்பிக்குள் ஹேமல் பார்ஷியலும் (பக்கத்தின் ஒரு துண்டும்) ஓடும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் ஈஆர்பியே ஜெயிக்கும். மாற்றியபின் பழைய ஃபைலை அழிக்க மறந்தவர்கள், ஹேமலில் திருத்தியது ஏன் திரையில் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான்.

என் கோபமெல்லாம் டிவைஸின் வியூக்களை ஆப்புக்குள் நகலெடுக்கும் அந்த வியூ ஜெனரேட்டர் கட்டளை மேல். சும்மா ஓட்டினால் எல்லா வியூவையும் ஆப்புக்குள் கொட்டிவிடும். அதன்பின் ஜெம் அப்டேட் அவற்றைத் தொடாது. 2023-இல் வந்த டிவைஸ் 4.9-ஐப் பாருங்கள்: பக்கத்தை முழுதாக லோடு செய்யாமலே மாற்றும் டர்போவுக்காக, வெளிக் கணக்கு வழியே உள்நுழையும் லிங்க் பட்டனாக மாறியது, அதில் டர்போவும் அணைக்கப்பட்டது. நகலெடுத்த வியூவில் பழைய லிங்க் அப்படியே கிடக்கும். அந்த லிங்க்கைப் போஸ்ட் (POST) கோரிக்கையாக அனுப்பவைக்கும் ரெயில்ஸ்-யூஜேஎஸ் ஸ்கிரிப்டை எடுத்துவிட்ட ஆப்பில் அதை அழுத்தினால் கெட் (GET) கோரிக்கை போகும். வெளிக் கணக்கு உள்நுழைவைக் கையாளும் ஓம்னிஆத் 2 இயல்பாகப் போஸ்ட்டை மட்டும் ஏற்பதால், பக்கம் இல்லை என்று 404 பிழை வரும்.

நகல் ஈஆர்பியாக இருந்தால் ஜெம் ஃபோல்டரோடு ஒரு டிஃப் (வரிக்கு வரி ஒப்பீடு) போதும், மாறிய வரி உடனே தெரியும். ஹேமலாக்கிவிட்டால் எல்லா வரியுமே வேறாகத் தெரியும். கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.

ஜெனரேட்டருக்கு மைனஸ் வி (-v) கொடுத்து, தேவையானதை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் உள்நுழையும் பக்கமான செஷன்ஸ் ஒன்றே போதும். வியூ விஷயத்தில் இதைவிட ஒழுங்கான பிளகின் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஜெனரேட்டர் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டுகிறவரை மூன்று நட்சத்திரம்தான்.