பல்லாவரத்துக் கல்லும் மூன்று ஆதாம்களும்

பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் பல்லாவரம். அங்கே ஒரு சரளைக் குழியில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதர் செய்த ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பாதிரியார். மாமனார் கையில் படைப்புக் கதை சொல்லும் ஆதியாகமம், மருமகன் கையில் கல்! அதே ஆண்டு பூண்டிப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் ஃபூட்டுக்குக் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ஆய்வு வந்தது. நம் இனத்துக்கோ சுமார் 3 லட்சம்தான். அப்படியானால் அதைச் செதுக்கியவன் ஆதாமின் பிள்ளையா, இல்லையா? இதற்கும், உலகில் தீமை ஏன் என்பதற்கும் சேர்த்துக் கிறிஸ்தவர்களிடம் மூன்று வழிகள் உண்டு.

ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்களுக்குக் குழப்பமே இல்லை. பேராயர் அஷர் போட்ட கணக்குப்படி உலகம் பிறந்தது கி.மு. 4004. ஆதாம் பாவம் செய்தான், சாவு வந்தது. தீமைக்கு இவ்வளவு நேரான விளக்கம் வேறு யாரிடமும் கிடையாது. ஆனால் அதற்கு விலையாக அத்திரம்பாக்கத்தையே பொய் என்றாக வேண்டும். நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை)க்காரன்; எங்கள் சபையிலும் இப்படி நம்புகிறவர்கள் உண்டு.

கத்தோலிக்கர்கள் நடுவழி போனார்கள். 1950-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் பரிணமித்ததா என்று ஆராயலாம், ஆத்துமாவைத் தருவது மட்டும் நேரடியாகக் கடவுளே என்றார். கூடவே, மனிதகுலம் பல முதல் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதை ஏற்கக் கூடாது என்றும் சொன்னார். எல்லாரும் பிறக்கும்போதே சுமக்கும் ஜென்மப் பாவம் ஓர் ஆதாமிடமிருந்து வர வேண்டுமே! இடிப்பது இங்கேதான். மனிதகுலம் இரண்டே பேராகச் சுருங்கியதற்கு மரபணுவில் தடயம் இல்லை. அப்புறம், ஆதாமுக்கு முன்பே கோடிக்கணக்கான உயிர்கள் செத்திருக்கின்றன. அதற்கு யார் பொறுப்பு?

மூன்றாவது வழி இரண்டாம் நூற்றாண்டு ஆயர் ஐரேனியஸுடையது. அவர் பார்வையில் ஆதாம் முழுமை பெற்றபின் விழுந்தவன் அல்ல, வளர வேண்டிய குழந்தை. 1966-ல் சமயத் தத்துவவாதி ஜான் ஹிக் இதைத் தூசு தட்டி எடுத்தார்: கஷ்டங்கள் வழியாக ஆத்துமா முதிர்கிற இடம் இந்த உலகம். பரிணாமத்தோடு இது உரசவே உரசாது. என் ஓட்டும் இதற்குத்தான், ஆனால் அரை மனதோடு.

காரணம், 2004 டிசம்பர் 26 சுனாமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சாந்தோம் ஆலயத்துக்குப் பின்னால் நிற்கும் தோமையார் கம்பத்தைத் தாண்டிக் கடல் வரவில்லை என்று இன்றும் பேச்சு உண்டு. அதே கரையில் மீனவக் குப்பங்களுக்குள் புகுந்ததே! கடலடித் தட்டு சரிந்ததற்கும் ஆதாம் தின்ற பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் கட்சியை மடக்கிவிடலாம். ஆனால் ‘வளர்ச்சிக்காக’ என்று சொல்லும் என் கட்சி, வளரவே நேரம் கிடைக்காத பிள்ளையைப் பற்றி என்ன சொல்லும்? மரணத்துக்குப் பிறகும் வளர்ச்சி தொடரும் என்றார் ஹிக். தாளில் சரியாகத்தான் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் என்னால் அதைச் சொல்ல முடியாது.

ஃபூட் திரட்டிய கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு கைக்கோடரியைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒத்துவரும்படி பொறுமையாகத் தட்டித் தட்டி எடுத்த விளிம்பு. அதைச் செய்தவனை முதல் கட்சி கணக்கிலேயே சேர்க்காது. இரண்டாவது கட்சி, அவனுக்கு ஆத்துமா வந்த தேதியைக் கேட்கும். கடவுளின் சாயல் (தேவசாயல்) இல்லாதவன் என்று அவனை ஒதுக்க எனக்கு நா எழவில்லை.