பகுதி 3-ஆ, பகுதி 4-ஆ?

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் சுதந்திரம் ஒரு பக்கம், சோறு இன்னொரு பக்கம்.

பகுதி 3, அடிப்படை உரிமைகள்: பேச்சு, தொழில், உயிர். பறிபோனால் 32ஆம் பிரிவைக் காட்டி நேராக உச்ச நீதிமன்றம் போகலாம்.

பகுதி 4, வழிகாட்டு நெறிமுறைகள்: வேலை, பிழைக்கப் போதுமான கூலி, முதுமையில் உதவி. கிடைக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. 37ஆம் பிரிவே கதவைச் சாத்திவிடுகிறது.

முதலாவதுதான் கெட்டி என்று தோன்றும். ஆனால் 1982இல் வந்த டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கைப் பாருங்கள். நாளுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி; அதில் 1 ரூபாயை மேஸ்திரிகள் பிடித்துக்கொண்டார்கள். ‘விரும்பித்தானே வந்தார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான் என்றது உச்ச நீதிமன்றம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு ஆனது. பகுதி 4இன் கூலி, பகுதி 3இன் கதவு வழியாக உள்ளே வந்த அபூர்வம் இது.

1985 பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் உயிருரிமைக்குள் வந்தது. ஆனாலும் குடிசைகளை அகற்ற அனுமதி உண்டு, மழைக்காலம் முடிந்த பிறகு! (மேற்கோள் காட்டுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.)

பள்ளிக் கல்வி 2002இல் 86ஆவது திருத்தத்தால் பகுதி 3க்குக் குடிபெயர்ந்தது. 41ஆம் பிரிவின் வேலை இன்னும் பகுதி 4இலேயே நிற்கிறது.