10 சென்ட் தோட்டத்துக்கு எந்த வேலி: முள்கம்பியா, வலையா, கிளுவையா?

வேலிப் பேச்சு வந்தாலே “நம்ம இடம் 10 சென்ட், எவ்வளவு ஆகும்?” என்றுதான் கேட்கிறோம். சென்ட் என்பது பரப்பளவு. வேலிக்கு வேண்டியது சுற்றளவு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லவே முடியாது.

10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. இடம் சதுரமாக இருந்தால் பக்கம் மிகச் சரியாக 66 அடி. பழைய சர்வே சங்கிலியின் நீளமும் அதே 66 அடிதான். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி போட்டால் 10 சென்ட். சுற்றளவு 264 அடி. அதே 10 சென்ட் 33க்கு 132 என்று கிடந்தால் சுற்றளவு 330 அடி. ரோட்டோரத் துண்டு மாதிரி 22க்கு 198 என்று நீண்டு கிடந்தால் 440 அடி. நிலம் ஒரு அடிகூடக் கூடவில்லை, வேலி மட்டும் 176 அடி கூடிவிட்டது.

முதலில் தூண் கணக்கு, கம்பிக்கும் வலைக்கும் இது பொது. 8 அடிக்கு ஒரு கல்தூண் என்று 264ஐ வகுத்தால் 33 வரும். களத்தில் அது பத்தாது. ஒவ்வொரு மூலையிலும் தூண் நின்றாக வேண்டும் என்பதால் பக்கம் பக்கமாகத்தான் வகுக்க வேண்டும். 66 அடியை 8 இடைவெளியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 8 அடியைத் தாண்டிவிடும். 9 ஆக்கினால் 7 அடி 4 அங்குலம். நான்கு பக்கத்துக்கும் 36 தூண். மூலைக்கு முட்டு இரண்டிரண்டு தனி. (கேட்டுக்கு 10 அடி கழிக்கலாம், இங்கே கழிக்காமலே போடுகிறேன்.)

முள்கம்பியில் சுற்றளவை வரிசை எண்ணால் பெருக்க வேண்டும். 5 வரிசை என்றால் 1,320 அடி. கம்பியைக் கிலோவில் விற்பார்கள். கிலோவுக்கு எத்தனை அடி என்பது கேஜுக்குக் கேஜ் (கம்பியின் தடிமன்) மாறும், கடையில் கேட்டு வகுத்துக்கொள்ளுங்கள். பலர் விடுவது குறுக்குக் கம்பியை. தூணுக்குத் தூண் பெருக்கல் குறி மாதிரி இழுத்தால் மேற்கொண்டு சுமார் 600 அடி, அதாவது கிட்டத்தட்ட பாதிக் கம்பி அதிகம். மாடு உள்ளே வராது. ஆட்டுக்குட்டியும் கோழியும் தாராளமாக நுழையும்.

வலைக்கு உயரத்தால் பெருக்க வேண்டும். 5 அடி வலை என்றால் 264 × 5, மறுபடியும் 1,320! ஆனால் இது சதுர அடி. இரண்டு கொட்டேஷனிலும் ஒரே எண் இருப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடாதீர்கள். வலையைத் தாங்க மேல், நடு, கீழ் என மூன்று வரிசைக் கம்பி வேறு, 792 அடி. 5 அடி வலை நிற்கக் குறைந்தது 7 அடித் தூண் வேண்டும், 2 அடி மண்ணுக்குள் போய்விடும். மூன்றில் கூடுதல் செலவு இதற்குத்தான். கோழியும் காய்கறியும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும். பன்றி வரும் ஊரானால் வலையின் அடியை மண்ணில் புதைக்கவும் செய்யுங்கள், இல்லையென்றால் மூக்கால் தூக்கிவிடும்.

கிளுவை, கிளையை நட்டு வளர்க்கும் உயிர்வேலி; அதைப் பற்றிக் கொங்குநாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காங்கேயம் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது அதுதான். அடிக்கு ஒரு போத்து (வெட்டி நடும் கிளை) என்றால் 264 போத்து. தெரிந்தவர் வேலியில் வெட்டி வந்தால் கூலியோடு முடிந்தது. ஆனால் அடர்ந்து வரச் சில வருஷம் பிடிக்கும், அதுவரை ஆடு தழையைக் கடிக்காமல் காவல் வேண்டும்.

இதில்தான் பரப்பளவு உள்ளே வருகிறது. கிளுவை 3 அடி அகலத்துக்குப் படரும் என்று வைத்தால், சதுர நிலத்தில் உள்ளே மிஞ்சுவது 60க்கு 60, அதாவது 3,600 சதுர அடி. போனது 756, ஒன்றே முக்கால் சென்ட். 22க்கு 198 துண்டில் மிஞ்சுவது 16க்கு 192 தான். போனது 1,284 சதுர அடி, ஏறக்குறைய 3 சென்ட்! கம்பி வேலி நிலத்தைத் தின்னாது. கிளுவை செலவில்லாத வேலி என்று சொல்பவர்கள் இந்த 3 சென்ட்டுக்கு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கட்டும்.

அதனால் என் கணக்கில், சதுரத்துக்குப் பக்கமான நிலம், பொறுமையும் உண்டு என்றால் கிளுவை. ஒடுங்கிய துண்டுக்குக் கம்பியோ வலையோதான்.

நிலம் கோணல்மாணலாக இருந்தால்? வேலிக்குக் கவலையில்லை, எல்லாப் பக்கத்தையும் டேப் பிடித்துக் கூட்டினால் போதும். பரப்புக்குத்தான், எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் பழக்கம், செவ்வகம் தவிர மற்ற நிலத்தில் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். எஃப்எம்பி (நில அளவைப் புத்தகம்) வரைபடத்தில் பக்க அளவு மீட்டரில் இருக்கும், 3.28ஆல் பெருக்கினால் அடி.

அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் 66க்கு 66 இருந்தால் தனித்தனியாக 528 அடி வேலி. இரண்டையும் சேர்த்து ஒரே வேலி போட்டால் 396. நடுவில் ஒரு வரிசை வேண்டும் என்று அடம்பிடித்தாலும் 462தான், அந்தப் பொது 66 அடியை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம்.