9.1 போட்ட படத்துக்கு நாலு பேர் போன கதை

டிக்கெட் ஆப்பில் 9.1 போட்டிருந்தது. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து இரண்டு வண்டியில் நாலு பேர் கிளம்பிப் போனோம். இடைவேளை விளக்கு எரிந்ததும் அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டே எழுந்து, "முடிஞ்சிடுச்சாப்பா?" என்றார். இல்லை என்று சொல்லவே எனக்குச் சங்கடமாக இருந்தது. பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிய செலவு. அன்றிலிருந்து, யார் என்ன சொன்னார்கள் என்று படத்துக்கு முன்பே குறித்துவைத்து, பார்த்துவிட்டு வந்து சரிபார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

முதலில் டிக்கெட் ஆப். விற்பவரே மார்க்கையும் காட்டுகிறார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் நாள் மார்க் போடுகிறவர் யார்? நாலு நாள் முன்பே சீட் பிடித்த ரசிகர். அவர் பத்துக்குப் பத்துதான் போடுவார். அதனால் வெள்ளிக்கிழமை எண்ணை நான் பார்ப்பதே இல்லை. அது திங்கட்கிழமைக்குள் எவ்வளவு இறங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 9.1 நாலு நாளில் 8க்கு வந்தால் குடும்பத்தோடு போனவர்கள் நொந்து திரும்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

யூடியூபில் இரண்டு ரகம். தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் பப்ளிக் ரிவ்யூவை விமர்சனக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். படம் பிடிக்காதவன் பேசாமல் பைக் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறான். கேமரா முன்னால் நிற்பவன் கத்துவதற்காகவே நிற்பவன். இன்னொரு ரகம், நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுகிறவர்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: போன வாரம் இதே சேனலில் அந்தப் பட இயக்குநர் பேட்டி வந்ததா? வந்திருந்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவேன். பணமோ சலுகையோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் பார்த்த சினிமா விமர்சன வீடியோக்களில் ஒருவர் வாயிலிருந்தும் அது வந்ததில்லை. எல்லாப் படத்தையும் திட்டுகிறவர் தேவலையா என்றால், அதுவும் வியாபாரம்தான். திட்டுக்கும் வியூஸ் வரும்.

தயாரிப்பாளர்களுக்கும் இவர்கள் மேல்தான் கோபம். 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை விடாதீர்கள் என்றார்கள். டிசம்பரில், படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. எனக்கு அதில் நிம்மதி. மூன்று நாள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் பேசுவதற்கு மிச்சமிருப்பது அந்த 9.1 மட்டும்தானே!

எக்ஸ் தளத்தில் கூத்து வேறு மாதிரி. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு. பெங்களூரிலோ, காட்பாடி தாண்டி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சித்தூரிலோ அதற்கு முன்பே ஆரம்பித்துவிட முடியும். வேலூரில் பல் தேய்க்கும் நேரத்துக்கு "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஃபயர்" வந்து விழும். பாதிப் படம் பார்த்தவர் எழுதும் விமர்சனம் அது. அதிலும் போட்டி நடிகரின் ஆள் எழுதியதா என்று வேறு பார்க்க வேண்டும்.

பார்த்தவர்களே மார்க் போடும் தளங்களான ஐஎம்டிபி, லெட்டர்பாக்ஸ்ட் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஐஎம்டிபி சராசரியை அப்படியே போடுவதில்லை. ஓட்டுகளுக்கு எடை போட்டுக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்கை முழுசாக வெளியே சொல்வதும் இல்லை. நான் பார்ப்பது எத்தனை பேர் எந்த மார்க் என்ற பட்டியலை. பத்திலும் ஒன்றிலும் மட்டும் குவிந்திருந்தால் ரசிகர் சண்டை. ஆறு, ஏழு, எட்டில் பரவியிருந்தால் ஆட்கள் நிஜமாகப் படம் பார்த்திருக்கிறார்கள். லெட்டர்பாக்ஸ்டில் அரை ஸ்டார் அரை ஸ்டாராக, அந்தப் பரவல் முகப்பிலேயே தெரியும். எழுதுகிறவர்கள் சினிமாப் பித்தர்கள் என்பதால் மசாலாப் படத்துக்கு ஒரு ஸ்டார் கூட்டிக்கொள்ள வேண்டும். சின்னத் தமிழ்ப் படம் என்றால் அங்கே ஆளே இருக்காது.

விமர்சகர்கள் சொன்னதைத் திரட்டிச் சதவீதமாகக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் ஆங்கிலப் படத்துக்குச் சரி. அந்தச் சதவீதம் மார்க் இல்லை, பரவாயில்லை என்ற விமர்சகர்களின் பங்கு. பத்துப் பேரும் "சுமாராக நன்றாகத்தான் இருக்கிறது" என்றாலே 100 வந்துவிடும்.

ஆனந்த விகடன் மார்க் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. 1977இல் '16 வயதினிலே' படத்துக்கே அவர்கள் கொடுத்தது நூற்றுக்கு 62.5. அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்கும். 62.5ஐ வைத்துப் பார்த்தால்தான் 43 என்றால் என்ன என்று புரியும். 9.1ஐ எதோடு ஒப்பிடுவது?

இப்போது நான் நம்புவது எழுதுகிற ஒருவரை. என் ரசனையும் அவர் ரசனையும் ஒன்றல்ல. ஆனால் எங்கே முறைப்பார் என்று ஐந்து வருஷமாகப் படித்துப் படித்துத் தெரியும்: அழுகை, அண்ணன் தங்கை பாசம், கோயில் திருவிழா என்றால் அவருக்கு ஆகாது. போன மாதம் ஒரு படத்தை "டிவி சீரியல் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அன்றைக்கே அம்மாவுக்கு மேட்னி டிக்கெட் எடுத்தேன். இடைவேளையில் எழுந்திருக்கவே இல்லை.